எங்கே வெட்டுவது?



பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நட்பைப் பற்றி நாலு பேர், அம்மாவைப் பற்றி ஏழு பேர் ஏற்கெனவே கவிதை கொடுத்துவிட்டார்களாம். "நீயாவது வேற எதையாவது எழுதுடா" என்றார் செயலாளர் அண்ணன். அதனால் ஒரு வருஷமாக என் தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிற விஷயத்தையே எழுதுகிறேன். பிரெஞ்சு மொழியின் வினையடைச் சொற்களை எப்படி அசை அசையாகப் பிரிப்பது, எப்படி வாயால் சொல்வது என்பதுதான் அது. சிரிக்காதீர்கள். இயந்திரவியல் படிக்கிறவனுக்கும் பிரெஞ்சு வினையடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

வினையடை என்றால் பயப்பட வேண்டாம். மெதுவாக, வேகமாக, உண்மையாக... இதெல்லாம்தான். ஒரு காரியம் எப்படி நடந்தது என்று சொல்லும் சொல்.

முதலில் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். பிரெஞ்சுச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். மா(ன்) என்று அடைப்புக்குள் ன் இருந்தால், அந்த ன்னை நாக்கால் முடிக்கக் கூடாது, மூக்கோடு விட்டுவிட வேண்டும். அது ஏன் என்று பின்னால் வருகிறது.

போன வருஷம் ஒரு மாலை நேர பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். டிப்ளமோவோடு ஒரு மொழிச் சான்றிதழும் கையில் இருந்தால் நல்லது என்று பலரும் சொன்னார்கள். அம்மா சீட்டு எடுத்துப் பணம் கட்டினார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மா நாலு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்கிறார்கள். அந்தப் பணம் எப்படி வந்த பணம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் என்னைப் படிக்கச் சொன்னார்கள். புத்தகத்தில் ஒரு சொல். எல், ஈ, என், டி, ஈ, எம், ஈ, என், டி. ஒன்பது எழுத்து. நான் எழுந்து நின்று கம்பீரமாக "லெண்டேமெண்ட்" என்றேன். வகுப்பே சிரித்தது. என் மேல் என்ன தப்பு? மெஷர்மெண்ட், அலைன்மெண்ட், அட்ஜஸ்ட்மெண்ட் என்று நம்ம டிப்ளமோ பூராவும் மெண்ட்தானே! சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் பிரெஞ்சு காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகள். புதுச்சேரியில் அதற்குக் குறைச்சல் இல்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பி வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கின்றன. சொல்தா வீடு என்கிறோமே, அந்த வீடுகள்.

சிரித்தது போகட்டும். அன்று வகுப்பு முடிந்ததும் ஒருவர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். "தம்பி, உச்சரிப்பெல்லாம் பரம்பரையா வரணும்பா. நீ எழுதுறதுல மார்க் வாங்கு, போதும்." சொன்னவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அந்தச் சிரிப்பைவிட இந்த ஆறுதல்தான் என்னைச் சுட்டது. இந்தக் கட்டுரையே அதற்குப் பதில்தான்.

அடுத்த வாரம் வேறொரு சொல் வந்தது. டி, ஓ, யூ, சி, ஈ, எம், ஈ, என், டி. இதுவும் ஒன்பது எழுத்து. நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆசிரியை படித்தார். "துஸ்-மா(ன்)". துட்டு என்கிறோமே, அந்த து. மெல்ல, பதமாக என்று அர்த்தம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏன் தெரியுமா? அது எங்க அம்மாவின் சொல்!

சின்ன வயதிலிருந்து நானும் தங்கச்சியும் தண்ணீர்க் குடம் தூக்கினால் அம்மா "துஸ்மா(ன்), துஸ்மா(ன்)" என்பார்கள். அது ஏதோ எங்க அம்மா ஊர்ப்பேச்சு என்று பதினேழு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்க் கேட்டால், சொல்தா வீட்டு ஆயா பீங்கான் தட்டைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் அப்படிச் சொல்வாராம். ஆயாவின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை ஆசிரியை சொன்ன மாதிரியே, அதே இரண்டு அசையில், அதே மூக்கொலியோடு சொல்கிறார்கள். பாரீஸ்காரர் கேட்டாலும் குறை சொல்ல முடியாது. எங்க பரம்பரை பாத்திரம் தேய்க்கிற பரம்பரைதானே? அப்புறம் எப்படி வந்தது?

நான் நோட்டைத் திறந்து அந்த ஒன்பது எழுத்தைக் காட்டினேன். அம்மா ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிவிட்டு, "வாயில ரெண்டுதானடா வருது, இவ்ளோ எழுத்து எதுக்கு?" என்றார்கள். நண்பர்களே, பிரெஞ்சு உச்சரிப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். இத்தனை எழுத்தில் வாய் எத்தனை அசை சொல்கிறது? வெட்டு எங்கே விழுகிறது?

வகுப்பில் வெட்டுவதற்கு விதி சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது மெய் எல், ஆர் என்றால் பெரும்பாலும் பிரிக்காதே. இந்த விதிப்படி துஸ்மா(ன்) மூன்று துண்டு. து-ஸெ-மா(ன்). லெண்டேமெண்ட் என்று நான் மானம் போனேனே, அதுவும் மூன்று, லா(ன்)-தெ-மா(ன்). வேகமாக என்ற சொல் ர-பி-தெ-மா(ன்), நான்கு. நோட்டில் கோடு போட்டு வெட்டினேன், எல்லாம் சரி, டிக் விழுந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர் சாதாரணமாகப் பேசினால் இது இப்படி வருவதில்லை. துஸ்-மா(ன்) இரண்டு. லா(ன்)த்-மா(ன்) இரண்டு. ர-பித்-மா(ன்) மூன்று. நடுவில் இருந்த "எ" மாயமாகிவிடுகிறது.

நம்ம பிட்டிங் ஷாப்பில் முதல் நாள் சொன்னது ஞாபகம் இருக்கா? அளந்து, கோடு போட்டு, பஞ்ச் வைத்து, அப்புறம்தான் ஹேக்ஸாவை வைக்கணும். இங்கே என்ன நடந்தது என்றால், கோடு போட்டது ஒரு வேலைக்கு, ஜாப் கேட்டது வேறு வேலை. து-ஸெ-மா(ன்) என்பது வரி முடியும் இடத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரியில் எழுதுவதற்கான வெட்டு. அதைக் கை வெட்டு என்று வைத்துக்கொள்வோம். துஸ்-மா(ன்) என்பது வாய் வெட்டு. இரண்டும் தேவைதான். ஆனால் கை வெட்டை மட்டும் கொடுத்துவிட்டு "நல்லா உச்சரி" என்று சொல்வது அநியாயம் என்பது என் கட்சி. வீட்டில் கேட்டு வளர்ந்தவனுக்கு வாய் வெட்டு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. நம்மைப் போல ஆளுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? சொல்லாமல் விட்டுவிட்டுப் பரம்பரை மேல் பழி போடுகிறார்கள்.

சரி, அந்த "எ" எப்போது போகும், எப்போது நிற்கும்? இதற்கும் விதி இருக்கிறது. ரொம்ப எளிமை. அதற்கு முன்னால் காதில் விழுவது ஒரே ஒரு மெய் என்றால் பெரும்பாலும் போய்விடும். இரண்டு மெய் சேர்ந்திருந்தால் நிற்கும். ஏனென்றால் அது போனால் மூன்று மெய் மோதிக்கொள்ளும், நாக்கு சிக்கும். மோரிஸ் கிராமோன் என்ற பிரெஞ்சு மொழியறிஞர் இதை மூன்று மெய்களின் விதி என்றே சொல்லி வைத்திருக்கிறார். துல்லியமாக என்பதற்கு எக்-ஸாக்-தெ-மா(ன்). இங்கே க், த் இரண்டும் இருப்பதால் "தெ" நிற்கிறது. வேறு விதமாக என்பதற்கு ஓ-த்ரெ-மா(ன்). த், ர் இரண்டு, எனவே நிற்கிறது. இதில் முக்கியம், எழுத்தை எண்ணக் கூடாது, ஒலியை எண்ண வேண்டும். லா(ன்)த்-மா(ன்)-இல் எழுத்தில் என், டி இரண்டு இருக்கிறதே என்று நான் ஏமாந்தேன். அந்த என் மெய்யே இல்லை, மூக்குக்குப் போய்விட்டது. மிச்சம் த் ஒன்றுதான்.

"எ"வின் மேல் இடமிருந்து வலமாக இறங்காமல், வலப்பக்கம் ஏறுகிற மாதிரி ஒரு சின்னக் கோடு இருந்தால் மட்டும் கதை வேறு. அது ஏகாரம் மாதிரி ஒலிக்கும், ஒருக்காலும் போகாது. குறிப்பாக என்ற பொருளுள்ள ப்ரே-ஸி-ஸே-மா(ன்) நான்கு அசை என்றால் நான்குதான். உண்மையாக என்பதற்கு வ்ரே-மா(ன்), அதில் போவதற்கு "எ"வே கிடையாது.

இப்போது நம்ம ஊருக்கு வாங்க. "மெதுவாக" என்று எழுதுகிறோம். பேசும்போது? "மெதுவா நட", "வேகமா வா", "சத்தமா சொல்லு". கடைசி "க" எங்கே போச்சு? யாராவது உங்களைப் பார்த்து, நீ "க"வை முழுங்கிட்டே, உனக்குத் தமிழ் பரம்பரை இல்லை என்று சொல்வார்களா? பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதினோமே, அந்தக் கணக்கில் மெதுவாக என்பது நிரை நேர் நேர், புளிமாங்காய். மெதுவா என்பது நிரை நேர், புளிமா. ஒரு அசை குறைந்துவிட்டது. லா(ன்)-தெ-மா(ன்) என்பது லா(ன்)த்-மா(ன்) ஆவதும் இதே கதைதான்! அதற்கும் பொருள் மெதுவாக என்பதுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னும் கேளுங்கள். நம்முடைய "ஆக" ஒரு காலத்தில் தனிச்சொல், ஆகு என்ற வினையிலிருந்து வந்தது. பிரெஞ்சின் மா(ன்) வாலும் தனிச்சொல்லாக இருந்ததுதான். லத்தீனில் மென்தே, மனத்தோடு என்று பொருள். மெதுவான மனத்தோடு, மென்மையான மனத்தோடு என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்து வாலாக ஒட்டிக்கொண்டது. மனம் என்ற அந்தச் சொல் லத்தீனில் பெண்பால். அதனால்தான் இன்றும் பெண்பால் பெயரடையோடு இந்த வால் ஒட்டுகிறது, அந்தப் பெண்பால் அடையாளமாக நிற்கும் "எ"தான் பேச்சில் காணாமல் போகிறது. ஸ்பானிஷ் மொழியில் அந்த மென்தே இன்னும் முழுசாக, காதில் விழுகிற மாதிரி இருக்கிறது. பிரெஞ்சு அதை இப்படித் தேய்த்துவிட்டது. நம்ம "வருகிறார்கள்" வர்றாங்க ஆனதைவிடப் பெரிய தேய்மானம் இல்லை.

குற்றியலுகரத்தை நினைத்துப் பாருங்கள். நாடு என்பதின் கடைசி உகரம் அரை மாத்திரை. பக்கத்தில் இல்லை என்று ஒரு உயிர் வந்தால் நாடில்லை என்று ஓடிவிடும். பிரெஞ்சு "எ"வும் உயிருக்கு முன்னால் நிற்காது. கடல், அலை சேர்ந்தால் கடலலை. அதே மாதிரி பிரெஞ்சிலும் ஒரு சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிர் மேல் ஏறிக்கொள்ளும். "மிகவும்" என்பதற்கு த்ரே என்று ஒரு சொல். தனியாக நின்றால் கடைசி எஸ் ஊமை. பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் ஊமை பேச ஆரம்பிக்கும், அதுவும் தேனீ ரீங்கரிக்கிற மாதிரி ஒலியோடு. ஆக வாய் வெட்டு சொல்லின் எல்லையில்கூட விழுவதில்லை. புணர்ச்சி விதி படித்துத் திட்டு வாங்கியவர்களுக்கு இது புதுசா என்ன?

தமிழ் மீடியம் என்று நாம் வெட்கப்படுகிறோமே, இந்த விஷயத்தில் அது நமக்கு அனுகூலம் என்பது என் அபிப்பிராயம். நம் எழுத்தே உயிர்மெய். க, கா, கி என்று அசையாகத்தான் ஐந்து வயதில் ஆரம்பிக்கிறோம். பிரெஞ்சின் த், ப், க் மூன்றும் ஆங்கிலம் மாதிரி காற்றைத் தள்ளிக்கொண்டு வராது. பல்லில் நாக்குப் படுகிற நம்ம தலை, படி, கல் மாதிரியேதான். ட வேண்டாம், த போதும். ஆங்கிலத்தில் எந்த அசையை அழுத்துவது என்பதே ஒரு தலைவலி. பிரெஞ்சில் அசைகள் ஏறக்குறைய சமமாக நடக்கும், கடைசி அசையில் மட்டும் லேசாக நிற்கும்.

மூக்கொலி வரவே வராது என்று என்னிடம் அடித்துச் சொன்னார்கள். வராதா? "வந்தான்", "வந்தாள்" இரண்டையும் வேகமாகப் பேச்சு வழக்கில் சொல்லிப் பாருங்கள். அவ வந்தா, அவன் வந்தா(ன்). இரண்டிலும் கடைசி மெய்யை நாம் முடிப்பதே இல்லை. வந்தது ஆணா பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஆண் வந்தால் "தா" மூக்கில் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்! பிறந்ததிலிருந்து மூக்கொலியை வைத்து ஆணையும் பெண்ணையும் பிரிக்கிற ஜாதி நாம். நமக்கா வராது? அந்த வந்தா(ன்)தான் மா(ன்). இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது, நான் பல தடவை விழுந்த பள்ளம். தமிழில் மூக்கொலிக்குப் பின்னால் வல்லினம் வந்தால் மெலிந்துவிடும். தலை என்பதின் த வேறு, வந்து என்பதின் து வேறு. அந்தப் பழக்கத்தில் லா(ன்)த்-மா(ன்) சொன்னால் த் மெலிந்து போகிறது. "இப்போது" என்பதற்கு மே(ன்)த்-னா(ன்) என்று ஒரு சொல் தினமும் நூறு தடவை வரும். அதை நான் "மேந்தனா" என்று சந்தனம் அரைக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். (கையில் பிடித்திருப்பது என்பதிலிருந்து வந்த சொல் அது. கையில் இருக்கிற நேரம்தான் இப்போது! எவ்வளவு அழகு.) இதற்கு மருந்து கை வெட்டுதான். பாருங்கள், அதை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. முதலில் மே(ன்)... தெ... னா(ன்) என்று மூன்று தனிச்சொல் போல நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். சொல்லின் முதலில் வரும் த தமிழனுக்குத் தானாகவே வலிந்து வரும். அந்த த பழகியபின் "எ"வை மட்டும் உருவிவிட வேண்டும். ஷட்டரிங் பலகை மாதிரி. கான்கிரீட் இறுகுகிற வரைக்கும் இருக்கணும், அப்புறம் கழட்டிடணும்.

அதனால்தான் சொல்லுக்குக் கீழே தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிற பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். என் முதல் நோட்டு பூராவும் அப்படித்தான், லாங்தெமாங் என்று. அந்த "ங்" பிரெஞ்சில் கிடையாது. "ஒருவேளை" என்ற சொல்லில் வரும் ஒலி, "சந்தோஷமாக, நல்ல வேளை" என்று பொருள்படும் சொல்லின் முதல் ஒலி... இவற்றுக்கெல்லாம் தமிழில் எழுத்தே இல்லை. உ சொல்கிற மாதிரி உதட்டைக் குவித்து ஈ சொன்னால் ஒன்று வரும், ஓ மாதிரிக் குவித்து ஏ சொன்னால் இன்னொன்று வரும். ஆர் என்ற எழுத்து தொண்டைக்குள் உரசும். இதைக் காகிதம் தராது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அப்படியே பேசப் போனாலும் சிரிப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அசைக் கணக்கையும் வெட்டு விழும் இடத்தையும் மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியைக் காதால்தான் வாங்க வேண்டும்.

எழுத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் இரண்டு. "தெளிவாகத் தெரிந்ததுதானே" என்கிற பொருளில் ஏ-வி-தா-மா(ன்) என்று ஒரு சொல். எழுத்தில் பார்த்தால் மூன்றாவது அசையில் ஆகாரமே கிடையாது, ஈ என்ற எழுத்துத்தான் இருக்கிறது. இருந்தாலும் தா என்றுதான் சொல்ல வேண்டும். எம் இரண்டு தடவை எழுதியிருக்கும், கை வெட்டில் ஆளுக்கு ஒன்றாகப் பிரியும், வாயில் ஒன்றுதான். "நிறைய" என்பதற்கு எட்டு எழுத்து, சொல்வது போ-கு. போண்டாவின் போ, குடத்தின் கு. முடிந்தது!

நீளத்தைக் கண்டு பயப்படவே கூடாது. அரசியல் சட்டத்துக்கு விரோதமாக என்று பொருள்படும் ஒரு வினையடை இருக்கிறது, 25 எழுத்து. பிரெஞ்சு அகராதியின் மிக நீளமான சொல் என்று வழக்கமாக இதைத்தான் காட்டுவார்கள். கையால் வெட்டினால் ஒன்பது துண்டு, வாயில் எட்டு. கடைசித் துண்டு நம்ம பழைய மா(ன்)தான். பின்னாலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே முன்னால் வந்தேன். மா(ன்). நெல்-மா(ன்). அப்படியே. இரண்டு நாளில் வந்துவிட்டது. அதைவிட ஒரே அசையுள்ள ஒரு சின்னச் சொல்தான் என்னை ரொம்பப் படுத்தியது. ப்ளு என்றால் "இனி வேண்டாம்", ப்ளுஸ் என்றால் "இன்னும்". எழுத்து இரண்டுக்கும் ஒன்றே! முறையாகப் பேசினால் வேண்டாம் என்பதற்கு முன்னால் இன்னொரு சின்னச் சொல் வரும், பேச்சில் அதையும் விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த ஸ் ஒன்றுதான் ஆதாரம். இதைப் பற்றி நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்கள், "ஆயா ப்ளுன்னா காபி போதும். ப்ளுஸ்னா இன்னும் ஊத்தணும். இதுல என்னடா கஷ்டம்?"

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "எ"வை விழுங்கிப் பழகினால் எழுதும்போதும் விட்டுவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் பயப்படுவது நியாயம்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருத்தன் சொல்வதெழுதலில் துஸ்மா(ன்)னை அந்த "எ" இல்லாமலே எழுதி மார்க் இழந்தான். அவனுக்குக் காதில் கேட்டதே இல்லையே! நான் அவனுக்குக் கை வெட்டு சொல்லிக் கொடுத்தேன், அவன் எனக்கு வாய் வெட்டு சொல்லிக் கொடுத்தான். இப்போது நல்ல சிநேகிதம். அப்புறம், விழுங்குவதுதான் நாகரிகம், மூன்றாகச் சொல்வது பட்டிக்காடு என்றும் நினைக்க வேண்டாம். பிரான்ஸின் தெற்கே மார்செய் பக்கம் இன்றும் லா(ன்)-தெ-மா(ன்) என்று மூன்றாகத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சு மரபுக் கவிதையில் ஒரு அடிக்குப் பன்னிரண்டு அசை என்று எண்ணும்போது, பின்னால் மெய் வந்தால் அந்த "எ"வும் ஒரு அசையாகக் கணக்கில் சேரும். வீட்டில் மெதுவா, மேடையில் மெதுவாக. அதே மாதிரிதான்.

நான் எழுதப்போகும் டெல்ஃப் முதல் நிலைத் தேர்வில் மொத்தம் 100 மார்க், 25 பேச்சுக்கு. மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ். ஆனால் எந்தப் பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போனால் மொத்தமும் போச்சு. "எழுதுறதுல மார்க் வாங்கு போதும்" என்று என்னை ஆறுதல் படுத்தியவருக்கு இது தெரியாதா என்ன? மாதிரித் தேர்வில் முதலில் பேச்சுக்கு நான் வாங்கியது நாலு. அசை பிரித்துக் கைதட்டிப் பழகிய பிறகு பதினொன்று. உண்மையான தேர்வு இனிமேல்தான். பதினொன்று ஒன்றும் பெரிய மார்க் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் நாலுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் என் பரம்பரை மாறவில்லை.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பல பேருக்கு வாய்விட்டு எதையும் படிக்கவே பயம். பிரெஞ்சை விடுங்கள், ஆங்கில வைவாவில் எத்தனை பேர் விடை தெரிந்தும் வாயடைத்து நிற்கிறோம்? லேப் ரெக்கார்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் எக்ஸ்டர்னலைப் பார்த்ததும் ஊமையாகிறான். சொல் தெரியாமல் இல்லை, எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்லித் தராததால். படிப்பகத்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் வாய்விட்டுப் படிக்க ஒரு இடம் ஒதுக்கினால் போதும். மைக் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். சிரிக்கக் கூடாது என்று ஒரே ஒரு போர்டு மட்டும் எழுதி மாட்டுங்கள்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் டிராயிங் ஹால் பின்பக்கப் படிக்கட்டில் நானும் அந்த சிநேகிதனும் உட்கார்ந்திருப்போம். ஆங்கிலமோ பிரெஞ்சோ உங்கள் நாக்கில் சிக்குகிற சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கைதட்டி எண்ணிப் பார்க்கலாம். துஸ்மா(ன்) தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறார், எங்களுக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்கிறோம்.

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்